குகதாசன் வைத்திருக்கிற ஆள்

“நான் வந்திட்டன். நேற்று விட்ட இடத்திலை இருந்து தொடங்குவமே?” என்று மடிக்கணினியில் எழுதிவிட்டுத்தான் குகதாசன் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போடுவார். பதில் வரும்வரை இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொள்வார். மற்றவர் பேசும்போது குறுக்கே போகக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர். பதில் வந்ததும் மூக்குக்கண்ணாடியை இடுப்பில் கட்டிய சாரத்தின் நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, உதடுகள் அசைய முழுவதையும் வாசிப்பார். மாலையில் எழும்பும்போது, “அப்ப போட்டு வாறன்” என்று எழுதாமல் மூடியைச் சாத்தமாட்டார். போய்விட்டு வருகிறேன் என்பதை இங்கே நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவர் போவது அடுத்த அறையில் இருக்கும் குசினிக்கு, சாப்பிட. ஆனாலும் சொல்லிக்கொண்டுதான் போவார்.

கோப்பாயில், தோட்டத்துக் கிணறு யன்னலால் தெரியும் ஒரு முன்னறைதான் அவருடைய அலுவலகம். பிறநாட்டில் இருக்கிறவர்கள் ஊரில் எதற்காவது இணையத்தில் காசு கட்டவேண்டுமென்றால், அந்தக் காசு கட்டும் பக்கத்தைச் செய்து கொடுப்பது தொழில். கல்யாண மண்டபம் ஒன்று, மிளகாய்த்தூள் அனுப்புகிற அம்மா ஒருவர், ரியூசன் கொட்டில்கள், ஒரு கோயிலின் அருச்சனைச் சீட்டு என்று வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். எங்கள் சஞ்சிகைக்குச் சந்தா கட்டும் பக்கமும் அவர் செய்ததே. அந்தச் சாக்கில்தான் நான் அங்கே போய்வரத் தொடங்கினேன். சந்தா வேலை முடிந்த பிறகும் போகிறேன் என்றால், அதற்குக் காரணம் அவர் மனைவி உதயகலாவின் தேத்தண்ணி மட்டுமல்ல.

கணினிக்கு விளங்குகிற மொழியில் குகதாசனுக்கு ஒரு வரி எழுதத் தெரியாது. இது நான் கண்டுபிடித்த இரகசியம் அல்ல, அவரே ஒரு பெருமையோடு சொல்வது. “நான் ஏன் எழுதவேணும்? எழுதத் தெரிஞ்சவரிட்டைச் சொல்லத் தெரிஞ்சால் காணும்” என்பார். எழுதத் தெரிந்தவர், செயற்கை நுண்ணறிவு உதவியாளர். அதனிடம் தமிழில், அதுவும் கோப்பாய்த் தமிழில், வேண்டியதைச் சொல்வார். அது எழுதும். இவர் வாசிப்பார், தலையை ஆட்டுவார், பிழை பிடிப்பார். உள்ளபடி சொன்னால், யாழ்ப்பாணத்துக்கு எந்த மெசின் வந்தாலும் அதற்கு முன்னால் முதல் ஆளாகக் கதிரை போட்டவர் இவர். முதலில் தொலைபேசி எடுக்கிற கடை வைத்தார். பிறகு போட்டோக்கொப்பி. பிறகு இன்டர்நெட் கஃபே. மெசின்கள் மாறின, கதிரை அதேதான். பின்னல் அறுந்த இடத்தில் உதயகலா ஒரு தலையணையை வைத்திருக்கிறார்.

உதவியாளரை அவர் விளிக்கும் முறை தனிக் கதை. சாதாரண நாட்களில் “நீர்”. சமவயதுக்காரருக்கும் தம்பிமாருக்கும் நாங்கள் கொடுக்கிற அளவான மரியாதை. “நீர் இதை ஒருக்கா வடிவாப் பாரும்” என்று எழுதுவார். வேலை முதல் முறையிலேயே சரியாக வந்துவிட்டால் அன்றைக்கு “நீங்கள்”. வங்கியிலிருந்து பிழைச் செய்தி வந்தால் “நீ”. நான் படியேறும்போதே எட்டித் திரையைப் பார்த்து, இன்று வேலை எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்வேன். உதயகலா தபாற்கந்தோரில் வேலை செய்கிறவர், வாய் கொஞ்சம் கூர்மை. “உவர் உதோடை கதைக்கிற மரியாதையிலை காவாசி எனக்குக் கிடைச்சிருந்தால், இந்த வீட்டிலை சண்டைக்கே இடமில்லை” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையைச் சத்தமாக வைப்பார். குகதாசன் அதைக் காதில் வாங்குவதில்லை.

அதற்காக ஆளை விசரர் என்று எண்ணிவிடக் கூடாது. காசு விஷயத்தில் அவருக்குச் சில பிடிவாதங்கள் உண்டு, எல்லாம் பயத்தில் பிறந்தவை. ஒருவர் காசு கட்டியதும் வங்கி இவருடைய தளத்துக்கு ஒரு செய்தி அனுப்பும். “பாங்க்காரன் வந்து எங்கடை படலையைத் தட்டிச் சொல்லுறான், காசு வந்திட்டுது எண்டு. அவன் மறதியிலை ரெண்டு தரம் தட்டுவான். நாங்கள் ஒருதரம்தான் திறக்கவேணும்” என்று எனக்கு விளக்கினார். எந்தப் புத்தகத்திலும் அதை இவ்வளவு தெளிவாக நான் வாசித்ததில்லை. தளத்தைத் தன்னோடு இணைக்க வங்கி தரும் இரகசிய எழுத்துக்கோவையை உதவியாளரிடம் காட்டவே மாட்டார். அதைத் தாளில் எழுதி, உதயகலாவின் தாலிக்கொடி இருக்கும் அலுமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறார். “அவர் நல்ல பிள்ளைதான். எண்டாலும் வீட்டுத் திறப்பைக் குடுக்கேலாது” என்பது வாதம். திறப்பு என்றால் எங்களுக்குச் சாவி.

புதிய பக்கம் ஒன்றை உலகத்துக்குத் திறந்துவிடும் நாளில் சாரத்தைக் கழற்றி வேட்டி கட்டுவார். இராகுகாலத்தில் திறப்பதில்லை. ஒருமுறை, தளம் இருக்கிற கணினி சிங்கப்பூரில் இருப்பதால் சிங்கப்பூர் இராகுகாலத்தைப் பார்ப்பதா கோப்பாய் இராகுகாலத்தைப் பார்ப்பதா என்று உதவியாளரிடமே கேட்டார். அது இரண்டையும் கணக்குப் போட்டு, இரண்டிலும் படாத ஒரு நேரத்தைச் சொன்னது. அன்றைக்குக் குகதாசன் அதை “நீங்கள்” என்று அழைத்தது எனக்கு நியாயமாகவே பட்டது.

சிக்கல் எங்கே என்றால், அதைப்பற்றி வெளியில் பேசும்போதும் “அவர்” என்றே பேசினார். “அவரிட்டைக் குடுத்திருக்கிறன்.” “அவர் பாத்துக்கொண்டு இருக்கிறார்.” “அவருக்கு உது அரைமணித்தியால வேலை.” கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? குகதாசன் ஒரு கெட்டிக்காரப் பெடியனைச் சம்பளத்துக்கு வைத்து, வெளியே விடாமல் வேலை வாங்குகிறார் என்று ஊர் முடிவெடுத்துவிட்டது. அதைத் திருத்த இவர் முயலவில்லை. ஆள் வைத்திருக்கிறவருக்கு இருக்கிற மதிப்பு மெசின் வைத்திருக்கிறவருக்கு இல்லை என்று அவருக்குத் தெரியும். மெசின்தான் வேலை செய்கிறதென்றால், தாங்களே அதனிடம் கேட்டுச் செய்துவிடலாமே என்று வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள் என்ற பயமும் இருந்தது. ஒரு கல்யாணத் தரகர் படலையடியில் நின்று, “உங்கடை ஒஃபிஸிலை இருக்கிற தம்பிக்குச் சாதகம் ஏதும் இருக்கோ? நல்ல இடம் ஒண்டு வந்திருக்கு” என்று கேட்டார். குகதாசன் கொஞ்சம் யோசித்து, “அவர் இப்போதைக்கு அந்த எண்ணத்திலை இல்லை” என்று பதில் சொன்னதை என் காதால் கேட்டேன்.

வெற்றிகள் எல்லாம் “நான்”, தோல்விகள் எல்லாம் “அவர்”. மண்டபத்துக்குச் செய்த பக்கத்தைப் பாராட்டினால், “ஓம், நான் இருந்து செய்தனான்” என்பார். ரியூசன் கொட்டிலின் பற்றுச்சீட்டு எல்லாப் பெற்றோருக்கும் மூன்று தரம் போய், ஆசிரியர் வந்து சத்தம் போட்டபோது, “அவர் அண்டைக்குக் கொஞ்சம் களைச்சுப் போனார்” என்றார். ஆசிரியரும் இரங்கி, “பாவம், நித்திரை கொள்ள விடுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார். இப்படியாகச் சம்பளமும் கேட்காமல், மறுத்தும் பேசாமல், பழியை மட்டும் ஏற்றுக்கொள்ளும் ஒரு ஆள் எனக்கு வாய்த்திருந்தால் நான் இன்னும் பல புத்தகங்கள் எழுதியிருப்பேன்.

குகதாசனுடைய பக்கங்களுக்கு ஒரு முத்திரை உண்டு. காசு கட்டி முடிந்ததும், மற்றத் தளங்களில் ஏதோ ஒரு பச்சை அடையாளமும் “நன்றி” என்ற சொல்லும் வரும். இவருடைய பக்கங்களில் ஒரு சின்னக் குத்துவிளக்கும், கீழே “சந்தோசம். போட்டு வாங்கோ. திரும்பவும் கட்டாயம் வரவேணும்” என்ற வரியும் வரும். எல்லா வேலைக்கும் அதைப் போடவேண்டும் என்று உதவியாளருக்கு நிரந்தரக் கட்டளை. “காசை வாங்கிப்போட்டு முகத்திலை கதவைச் சாத்தக் கூடாது, அண்ணை. நான் படலைமட்டும் வந்து வழியனுப்புறனான்” என்பார். கனடாவில் ஒரு பெண் அந்த வரியைப் பார்த்து அழுதுவிட்டு, உடனே இன்னும் இரண்டு பொதி மிளகாய்த்தூளுக்குக் காசு கட்டினாராம். இதை அவர் எனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பார் என்று தெரியாது. ஒவ்வொரு தரமும் பொதிகளின் எண்ணிக்கை கூடியது.

சாவகச்சேரிச் சோமசேகரம் வந்து சேர்ந்தது இந்தப் புகழ் பரவிய காலத்தில்தான். அவர் அமரர் சேவை நடத்துகிறார். ஊர்தி, பந்தல், கதிரை, ஐயரை ஒழுங்கு செய்வது, வெளிநாட்டுப் பிள்ளைகள் பார்ப்பதற்காகக் கமராவில் நேரலை என்று செத்தவீட்டுக்கு வேண்டிய எல்லாம் ஒரே இடத்தில். ஊரில் தாயோ தகப்பனோ இறந்தால் பிள்ளைகள் அங்கிருந்தே காசு கட்ட வசதி வேண்டும் என்றார். பேசி முடித்துப் போகும்போது இரண்டு பலாப்பழம் இறக்கினார். ஒன்று குகதாசனுக்கு. மற்றது, “உள்ளுக்கு இருக்கிற தம்பிக்கு.” இரண்டையும் குகதாசன் வீடே சாப்பிட்டது, எனக்கும் பங்கு வந்தது.

அந்த வேலை முடிந்த மறுநாள் நான் போயிருந்தேன். குகதாசன் நல்ல சிரிப்பில் இருந்தார். “அவருக்கு எங்கடை பழக்கவழக்கம் விளங்குதில்லை, அண்ணை. பக்கம் முடியிற நேரம் என்னை ஒரு கேள்வி கேட்டார். நான் சொல்லிப்போட்டன், எங்கடை ஆக்களை எனக்குத் தெரியும், நீர் நான் சொன்னதைப் போடும் எண்டு.” என்ன கேள்வி என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பலாப்பழம் வந்தது, பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

அதன்பிறகு ஒரு மாதம் போயிருக்கும். காலைச் சாப்பாட்டு நேரம். நான் படியேறும்போது குகதாசன் தொலைபேசியைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவ்வளவு தள்ளியும் சோமசேகரத்தின் குரல் எனக்குக் கேட்டது.

“என்ன காணும் எழுதி வைச்சிருக்கிறீர்? செத்தவீட்டுக்குக் காசு கட்டின பிள்ளையைப் பாத்து ‘சந்தோசம், போட்டு வாங்கோ, திரும்பவும் கட்டாயம் வரவேணும்’ எண்டோ சொல்லுறது?”

செத்தவீட்டுக்குப் போகிறவர் உள்ளே போய்க் கையைப் பிடிப்பார், இருப்பார், எழும்புவார், போவார். வரும்போதும் சொல்வதில்லை, போகும்போதும் சொல்வதில்லை. போட்டு வாறன் என்ற சொல்லை அந்த முற்றத்தில் யாரும் வாயில் எடுப்பதில்லை, பேச்சுப் பழகும் பிள்ளைகூட எடுக்காது. இங்கே பிறந்து வளர்ந்த நாற்பத்தாறு வயது மனிதர், வழியனுப்புவதில் பேர் எடுத்தவர், அதைப் பெரிய எழுத்தில் குத்துவிளக்கோடு போட்டு வைத்திருந்தார்.

நடந்தது இதுதான். மட்டுவிலில் செல்வநாயகி என்ற அம்மா முதல்நாள் காலமாகிவிட்டார். மகள் கஜானி நோர்வேயில். வதிவிட அனுமதி புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம், வெளியே வந்தால் திரும்பப் போக முடியாது. ஆகவே வர வழியில்லை. செலவு முழுவதும் தன்னுடையதாக இருக்கட்டும் என்று அண்ணனிடம் கேட்டு வாங்கி, சோமசேகரத்தின் பக்கத்தில் காசைக் கட்டினார். கட்டி முடிந்ததும் குத்துவிளக்கு எரிந்தது. அந்தத் திரையை அப்படியே படம் எடுத்து அண்ணன் ஜெயசுதனுக்கு அனுப்பினார்.

ஜெயசுதன் முற்றத்தில் இறங்கி, அம்மாவை அந்த வண்டியில் ஏற்ற விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பந்தலையும் கழற்றச் சொன்னார். பந்தலுக்குக் கீழே சனம் இருக்கிறது. மத்தியானத்துக்குப் பிறகு பிரேதம் எடுக்கவேண்டும், வேறு ஊர்தி அந்த நேரத்துக்குள் கிடைக்காது. “ஜெயசுதன் ஒண்டுதான் கேக்கிறார்,” என்றது தொலைபேசி. “உதை எழுதினவர் நேரை வந்து முகத்தைப் பாத்துச் சொல்லட்டாம். உம்மடை ஆளைக் கூட்டிக்கொண்டு உடனை வாரும். இல்லையெண்டால் அந்த வீட்டு அலங்கோலத்துக்கு நீர்தான் பொறுப்பு.”

குகதாசன் தொலைபேசியை வைத்துவிட்டு மடிக்கணினியைப் பார்த்தார். அது மூடியபடி இருந்தது. ஊரெல்லாம் பலாப்பழம் கொடுத்து, சாதகம் கேட்டு, நித்திரை கொள்ள விடுங்கோ என்று இரங்கிய அந்த ஆளை, முதன்முதலாக ஒருவர் முகத்துக்கு நேரே கூட்டிவரச் சொல்கிறார். உதயகலா வேலைக்குப் போக உடுத்தபடி வாசலில் நின்றார்.

என்னுடைய மோட்டார்சைக்கிளில்தான் போனோம். கைதடி வெளியில் காற்று முகத்தில் அடிக்க, பின்னாலிருந்து குகதாசன் என் தோளைத் தட்டினார்.

“அண்ணை, ஒரு சின்ன உதவி.”

“என்ன?”

“நீங்கள்தான் அவர் எண்டு ஒருக்காச் சொன்னால் என்ன? நீங்கள் எழுத்து வேலை செய்யிற ஆள்தானே. மன்னிப்பு நான் கேக்கிறன். நீங்கள் சும்மா நிண்டால் காணும்.”

எனக்கு வந்த கோபத்தில் மோட்டார்சைக்கிளை வீதிக்கரையில் நிறுத்திவிட்டேன். “இறங்கும்” என்றேன். அவர் இறங்கவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “சரி, ஓடுங்கோ, நேரம் போகுது” என்றார். நான் மறுபடி வண்டியை எடுத்தேன். ஆனால் அவர் அந்த எண்ணத்தை விட்டுவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பயத்தோடுதான் மட்டுவிலில் இறங்கினேன்.

சோமசேகரத்தின் ஆட்கள் பந்தலின் ஒரு காலைப் பிடித்தபடி, கழற்றுவதா விடுவதா என்று தெரியாமல் நின்றார்கள். ஊர்தி வீதியிலே, மாலைகளோடு, வெயிலில் நின்றது. சோமசேகரம் எங்களைக் கண்டதும் குகதாசனுக்குப் பின்னால் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் நரைத்த தலையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். அவர் எதிர்பார்த்தது ஒரு பெடியனை.

ஜெயசுதன் வேட்டியோடு, சவரம் செய்யாத முகத்தோடு, கையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு தூணடியில் நின்றார். குகதாசன் போய் இரண்டு கைகளையும் நீட்டினார். ஜெயசுதன் பிடிக்கவில்லை.

“ஆர் உதை எழுதினது?” என்றார். பிறகு என்னைக் காட்டி, “உவரோ?”

குகதாசன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய தொழிலும் பேரும் அந்தப் பார்வையில் நின்றன. நான் தலையை ஆட்டினால் போதும், அவருடைய ஆளுக்கு ஒரு முகம் கிடைத்துவிடும். நான் ஆட்டவில்லை. ஆட்டவேண்டிய தேவையும் வரவில்லை.

“இல்லை,” என்றார் குகதாசன். “உவர் ஒண்டும் அறியார். பேப்பருக்கு எழுதிற ஆள், என்னைக் கொண்டுவந்து விட்டவர்.”

“அப்ப உங்கடை ஆள் எங்கை?”

“அப்பிடி ஒரு ஆள் இல்லை.”

சோமசேகரம் வாயைத் திறந்தார். குகதாசன் அவரைப் பார்க்காமல் ஜெயசுதனையே பார்த்துச் சொல்லிக்கொண்டு போனார்.

“என்னட்டை ஒருத்தரும் வேலை செய்யேல்லை. கொம்பியூட்டர்தான் எழுதிறது. ஆனா இதை அது தானா எழுதேல்லை. அது என்னைக் கேட்டது, செத்தவீட்டு விசயம், இந்த வசனம் பொருத்தமோ எண்டு. நான்தான் அதுக்கு, எங்கடை ஆக்களை எனக்குத் தெரியும், நீர் நான் சொன்னதைப் போடும் எண்டு சொன்னனான். எல்லா இடமும் போடுற வசனத்தை இதுக்கும் போட்டன். யோசிக்கேல்லை. பிழை என்ரை.”

உதவியாளர் கேட்ட கேள்வி என்னவென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நல்லநேரம் முதற்கொண்டு எல்லாவற்றையும் அதனிடம் கேட்ட மனிதர், அது கேட்ட ஒரேயொரு கேள்விக்குக் காது கொடுக்கவில்லை. எங்கோ இருக்கிற மெசினுக்கு எழும்பிய சந்தேகம் கோப்பாயில் இருக்கிறவருக்கு எழும்பவில்லை. சிரிப்பதற்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது. அந்த முற்றத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜெயசுதன் கையில் இருந்த தொலைபேசியை நீட்டினார். “எனக்கு ஏன் சொல்லுறீங்கள்? தங்கச்சி எல்லாம் கேட்டுக்கொண்டுதான் நிக்கிறாள். அவளோடை கதையுங்கோ.”

திரையில் கஜானி. பின்னால் யன்னலில் இருட்டான ஒரு வானம். தலை இழுக்காமல், கலைந்த முடியோடு, கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு இருந்தார். குகதாசன் தொலைபேசியை இரண்டு கையாலும் வாங்கி, “தங்கச்சி” என்று தொடங்கினார்.

“போட்டு வாங்கோ எண்டு போட்டிருந்தீங்கள்,” என்றார் கஜானி. குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. “நான் வரவே இல்லையே, அண்ணை. எங்கை போட்டு வாறது?”

குகதாசனுடைய உதடுகள் அசைந்தன, திரையில் வந்ததை வாசிக்கும்போது அசைவதுபோல.

“நேரலைக் கமரா பந்தல்காலிலை நிக்குது,” என்றார் கஜானி. “எனக்குச் சனத்தின்ரை முதுகுதான் தெரியுது. அம்மாவின்ரை முகம் தெரியேல்லை. கிட்டக் கொண்டுபோய்ப் பிடிக்கிறீங்களோ?”

குகதாசன் செருப்பைக் கழற்றினார். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். தலைமாட்டில் போய் நின்று, தொலைபேசியை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தார். கிரியை தொடங்கியது. ஐயர் சொல்லச் சொல்ல ஜெயசுதன் செய்தார். பாட்டோடு உரலில் சுண்ணம் இடித்தார்கள், வாய்க்கரிசி போட்டார்கள். ஒவ்வொருவரும் குனியும்போது குகதாசன் கையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் அசைத்து, முகம் மறையாமல் பிடித்தார். பிறகு மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். யாரோ தான் பிடிப்பதாகக் கேட்டார். அவர் கொடுக்கவில்லை. தொலைபேசியிலிருந்து அழுகை வந்தது. பெட்டியை மூடும்வரை அப்படியே நின்றார்.

மூடியதும் ஜெயசுதன் நிமிர்ந்து, சோமசேகரத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஊர்தியைப் பின்னுக்கு எடுத்தார்கள். பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் கையை எடுத்தார்கள். போகும்போது ஜெயசுதன் குகதாசனுடைய கையை ஒருமுறை பிடித்துவிட்டுப் போனார். நாங்கள் சொல்லிக்கொள்ளாமல் படலையால் வெளியே வந்தோம்.

வீதியில் சோமசேகரம் மறித்துக்கொண்டார். “அப்ப அந்தப் பலாப்பழம்?” என்றார், உண்மையிலேயே நொந்துபோன குரலில்.

“நாங்கள்தான் சாப்பிட்டது,” என்றார் குகதாசன்.

சோமசேகரம் பொறுத்துப்போகிற ஆள். பக்கத்தைத் திருத்தித் தரும்படி மட்டும் கேட்டார். ஆனால் அந்த முற்றத்தில் தென்மராட்சிப் பகுதிச் சனம் பாதி இருந்தது, செய்தி எங்களுக்கு முன்னால் கோப்பாய்க்கு வந்துவிட்டது. மண்டபக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டு, அடுத்த வேலையைத் தன் மருமகனே மெசினிடம் கேட்டுச் செய்யப்போவதாக நல்ல விதமாகச் சொன்னார். தரகர் படலையடியில் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டு, பெரிய இடத்துச் சம்பந்தம் ஒன்று தவறிப்போன முகத்தோடு போனார். இவ்வளவும் பொழுதுபடுவதற்குள்.

உதயகலா கிணற்றடியில் வாளியும் துவாயும் வைத்திருந்தார். செத்தவீட்டால் வந்தவர் தலைமுழுகித் தோயாமல் உள்ளே வரக்கூடாது. குகதாசன் தலையில் தோய்ந்துவிட்டு, ஈரத்தோடு வந்து கதிரையில் உட்கார்ந்தார். நான் திண்ணையடிக்கும் போகாமல், வீட்டுக்கும் போகாமல், யன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். அவர் “நான் வந்திட்டன்” என்று எழுதவில்லை. நேரே விஷயத்துக்குப் போனார்.

“சோமசேகரத்தாரின்ரை பக்கத்திலை அந்தக் கடைசி வசனத்தை எடும். விளக்கையும் எடும்.”

எடுத்துவிட்டதாகப் பதில் வந்தது. அதற்குப் பதிலாக வைக்கக்கூடிய வாக்கியங்கள் என்று ஒரு வரிசையும் வந்தது. ஆழ்ந்த இரங்கல்கள். அன்னாரின் ஆத்மா சாந்தியடையட்டும். உங்கள் துயரில் நாங்களும் பங்கெடுக்கிறோம். குகதாசன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் உதடசைத்து வாசித்தார்.

“ஒண்டும் வேண்டாம்” என்று எழுதினார்.

வெறும் பக்கத்தைக் கண்டால் பணம் சேர்ந்ததா என்று கட்டியவர் குழம்பக்கூடும், ஒரு சிறு வாக்கியமாவது வைப்பது நல்லது என்று அது தன் பாணியில் எச்சரித்தது. இந்தமுறை குகதாசன் அதை ஒதுக்கிவிடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, சரிதானா என்று யோசித்தார். பிறகு எழுதினார்.

“நீர் சொல்லுறது சரி. பற்றுச்சீட்டை உடனை ஈமெயிலிலை அனுப்பும், அதிலை பாப்பினம். பக்கத்திலை ஒண்டும் வேண்டாம். செத்தவீட்டிலை நாங்கள் சொல்லிக்கொண்டு போறேல்லை.”

கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்தது. சரிபார்ப்பதற்காகக் காசு கட்டுவதுபோல் ஒருமுறை செய்து பார்த்தார். கடைசியில் திரை முழுவதும் வெள்ளையாக வந்து நின்றது. அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தை மூடியதும் உதவியாளரின் வரி தெரிந்தது. செய்துவிட்டேன், வேறு ஏதாவது உதவி தேவையா?

குகதாசன் விரல்களை எழுத்துகளின்மேல் வைத்தார். “அப்ப” என்று எழுதினார். மூன்று எழுத்தையும் ஒவ்வொன்றாக அழித்தார். பிறகு கதிரையைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளி எழும்பி, மூடியைச் சாத்தாமல், ஈரத் துவாயைத் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டு, திரும்பிப் பாராமல் முற்றத்தில் இறங்கி நடந்தார்.